கால் மரத்துப்போகிறதா? வைட்டமின் பி12 பற்றி நாங்கள் சிலர் சொல்லும் அனுபவங்கள்

அம்மாவுக்கு முதலில் வந்தது பாதங்களில் குறுகுறுப்பு. அப்புறம் செருப்பு நழுவினால்கூடத் தெரியவில்லை. பகலில் ஓரளவு நன்றாக நடப்பவர், விளக்கை அணைத்தால் தள்ளாடினார். சர்க்கரை நோய் பல வருடங்களாக இருப்பதால், பார்த்தவர்கள் எல்லாரும் சர்க்கரைதான் நரம்பைப் பாதித்துவிட்டது என்றார்கள். வயதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நரம்பியல் மருத்துவர் ஒருவர்தான் வேறு மாதிரி யோசித்தார். இசைக்கவையைத் தட்டி அம்மாவின் கால் கட்டைவிரலில் வைத்து, "அதிர்வது தெரிகிறதா அம்மா?" என்று கேட்டார். தெரியவில்லை. கால்களைச் சேர்த்து வைத்து, கண்ணை மூடி நிற்கச் சொன்னார். உடனே சாய்ந்தார், நான் பிடித்துக்கொண்டேன். கால் எந்த நிலையில் இருக்கிறது என்ற செய்தி முதுகுத்தண்டின் பின்பகுதி வழியாக மூளைக்குப் போகிறது. அந்த நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை கெடாமலிருக்க பி12 வேண்டும். உறை சிதைந்தால் செய்தி சரியாகப் போய்ச் சேராது. வெளிச்சத்தில் கண் ஈடுகட்டும், இருட்டில் அதுவும் இல்லை. இதை அவர் பொறுமையாக விளக்கியதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன்.

அடுத்து மாத்திரைப் பட்டியலைக் கேட்டார். சர்க்கரைக்கான மெட்ஃபார்மினும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் நெடுநாளாகப் போய்க்கொண்டிருந்தன. மெட்ஃபார்மின் பி12 உறிஞ்சப்படுவதைக் குறைக்கலாம். உணவிலுள்ள புரதத்திலிருந்து பி12 பிரிந்து வர அமிலம் தேவை. ரத்தப் பரிசோதனையில் பி12 மிகவும் குறைவு. ஊசி போட ஆரம்பித்தபின் குறுகுறுப்பு மெல்ல அடங்கியது, நடை தேறியது. விரல் நுனிகளில் மரமரப்பு மட்டும் போகவில்லை. சீக்கிரம் பார்த்திருந்தால் அதுவும் மீண்டிருக்க வாய்ப்பு உண்டு என்றார் மருத்துவர். மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் தாங்களாக அதை நிறுத்த வேண்டாம். பி12 அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

*

என் அக்காவுக்கு நடந்தது இன்னும் சிக்கலானது. அவர் அசைவமோ முட்டையோ பாலோ எடுப்பதில்லை. ரத்தசோகை என்று ஃபோலிக் அமில மாத்திரை கொடுத்தார்கள். ரத்த அணுக்களின் எண்ணிக்கை ஏறியது, முகம் தெளிந்தது. ஆனால் நாக்கு வழவழவென்று சிவந்து எரிந்தது, பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் மறந்தது, காலில் எரிச்சல் வேறு. பிறகுதான் பி12 பார்த்தார்கள், குறைவாக இருந்தது. பி12 குறைவால் வரும் ரத்தசோகையை ஃபோலிக் அமிலம் சரிசெய்துவிடும், நரம்புச் சேதத்தை அது தடுக்காது. ரத்தம் சீராகிவிட்டதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இதை நிறையப் பேர் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கும் என்பதால், உணவு மாறிய உடனே எதுவும் தெரிவதில்லை. பி12 சேர்த்த உணவோ மாத்திரையோ தாவர உணவு மட்டுமே எடுப்பவர்களுக்குக் கட்டாயம் வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 2.4 மைக்ரோகிராம் போதும் என்கிறார்கள். அவ்வளவு சிறிய அளவு இல்லாமல்தான் அக்கா அத்தனை பாடுபட்டார்.

*

நான் இறைச்சி, மீன், முட்டை எல்லாம் சாப்பிடுகிறவன். எனக்கும் பி12 குறைந்தது. வயிற்றுச் சுவரில் சுரக்கும் உள்ளார்ந்த காரணி என்ற புரதத்தோடு சேர்ந்தால்தான் சிறுகுடலின் கடைசிப் பகுதி பி12-ஐ உள்ளே எடுக்கும். என் உடலின் எதிர்ப்பு சக்தியே அந்தப் புரதத்தைத் தாக்குகிறது. ஒரு காலத்தில் இந்த நோய் வந்தால் மரணம் என்றுதான் இருந்தது. 1926-இல் மைனாட், மர்ஃபி என்ற அமெரிக்க மருத்துவர்கள் இருவரும் நோயாளிகளுக்கு நிறையக் கல்லீரல் சாப்பிடக் கொடுத்துத் தேற்றினார்கள். 1934-இல், ரத்தசோகையை ஆராய்ந்த விப்பிளோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். எனக்கு வாழ்நாள் முழுக்க ஊசி. சிலருக்கு 1000 மைக்ரோகிராம் மாத்திரையே போதுமாக இருக்கிறது, ஏனென்றால் அதில் ஏறத்தாழ ஒரு சதவீதம் அந்தப் புரதத்தின் உதவி இல்லாமலே உள்ளே போய்விடும்.

*

ஒரு சின்ன விஷயம். பரிசோதனைக்கு முன்பே சத்து மாத்திரை போட ஆரம்பித்தால் ரத்தத்தில் பி12 அளவு உயர்ந்து காட்டும், குறைபாடு இருந்ததா என்றே தெரியாமல் போகும். என் கணவருக்கு அப்படி ஆனது. கடைசியில், பி12 குறைந்தால் ரத்தத்தில் கூடும் மீத்தைல்மலோனிக் அமிலத்தின் அளவைப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்குங்கள்.