பொருள்: ‘பிரிட்ஜ்’ என்பதற்குப் ‘பாலம்’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்நாணயப் பணப்பைச் செயலி ஒன்றின் தமிழாக்கத்தில் சென்ற வாரம் முழுவதும் ஒரே ஒரு பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டச்சங்கிலியில் (பிளாக்செயின், பல கணினிகள் பகிர்ந்து வைத்திருக்கும் கணக்கேடு) உள்ள நிலைநாணயத்தை (ஸ்டேபிள்காயின், டாலர் போன்ற பணத்தோடு மதிப்பைக் கட்டிவைத்த மின்நாணயம்) வேறொரு கட்டச்சங்கிலிக்கு அனுப்பும் திரையில் ‘பிரிட்ஜ்’ என்று இருப்பதை, எனக்கு முன் மொழிபெயர்த்தவர் ‘பாலம்’ என்று போட்டிருக்கிறார். நம் குழுவிலும் இருவர் அதையே வழிமொழிந்தார்கள். எளிய சொல், எவருக்கும் புரியும் சொல் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் நடக்காத ஒன்றை நடப்பதாக அது சொல்லிவிடுகிறது என்பதே என் தயக்கம்.

பினாங்குக்காரர்களுக்குப் பாலம் என்றால் 1985இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் பாலம்தான் முதலில் நினைவுக்கு வரும். தீவுப் பக்கம் குளுகோரில் ஏறும் மோட்டார் சைக்கிள் பெருநிலப் பக்கம் பிறையில் இறங்குகிறது. அதே வண்டி, அதே எண் பலகை. நிலைநாணயம் அப்படிக் கடப்பதில்லை. ஈதரியம் என்ற கட்டச்சங்கிலியின் கணக்கேட்டில் பதிவான யுஎஸ்டிசி என்ற டாலர் நிலைநாணயம் அந்த ஏட்டை விட்டு வெளியே வரவே முடியாது. சொலானா, டிரான் போன்ற பிற கட்டச்சங்கிலிகளுக்கு ஈதரியத்தின் ஏட்டைத் தாமாகப் படிக்கவும் தெரியாது. ஆகவே, உங்கள் நாணயத்தை இக்கரையில் ஒரு பெட்டகத்தில் பூட்டிவிட்டு, அக்கரையில் அதற்கு ஈடாக ஒரு சீட்டை வெளியிடுவது பழைய வழி. குளுகோரில் உங்கள் வண்டியைக் கொட்டகையில் போட்டுப் பூட்டிக்கொண்டு, பிறையில் அதே நிறத்தில் வேறொரு வண்டியைக் கொடுத்து, இதைத் திருப்பித் தந்தால் உங்களுடையது கிடைக்கும் என்று சொல்வதைப் போன்றது அது. கொட்டகை கொள்ளை போனால், பிறையில் ஓடும் வண்டியைத் திருப்பிக் கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது.

கொட்டகை கொள்ளை போகத்தான் செய்தது. 2022 மார்ச்சில் ரோனின் என்ற கட்டச்சங்கிலியின் பிரிட்ஜில் ஒப்புதல் வழங்கும் 9 சாவிகளில் 5 திருடர் கையில் சிக்கியதால், 173,600 ஈதரும் (ஈதரியத்தின் சொந்த நாணயம்) 2.55 கோடி யுஎஸ்டிசியும் பெட்டகத்திலிருந்து வெளியேறின. பயனர் ஒருவரால் 5,000 ஈதரை எடுக்க முடியாமற்போன பிறகுதான், அதாவது ஆறு நாள் கழித்துத்தான், நடத்துபவர்களுக்கே அது தெரியவந்தது. பெட்டகம் ஒன்று இருக்கிறது, அதன் சாவி சிலரிடம் இருக்கிறது என்பதை ‘பாலம்’ என்ற சொல் சிறிதும் உணர்த்துவதில்லை. இவ்வழியில் கிடைக்கும் ‘ராப்ட் டோக்கன்’ என்பதற்குப் ‘போர்த்திய நாணயம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். போர்வை யாருடையது என்று யாரும் கேட்கப்போவதில்லை. ‘ஈட்டுச்சீட்டு’ என்று சொன்னால், அடகுக்கடை வாசலை மிதித்த எவருக்கும் ‘பொருள் எங்கே இருக்கிறது?’ என்ற கேள்வி தானாக எழும்.

புதிய வழியில் பெட்டகமே இல்லை. யுஎஸ்டிசியை வெளியிடும் சர்க்கிள் நிறுவனம் 2023இல் தொடங்கிய முறையில், ஈதரியத்தில் உள்ள யுஎஸ்டிசி அங்கேயே ஒழிக்கப்படுகிறது. அது ஒழிந்தது என்பதற்கு அந்நிறுவனம் ஒரு சான்றொப்பம் இடுகிறது. அந்தச் சான்றொப்பத்தைக் காட்டினால் மறுபக்கத்தில் அதே அளவு யுஎஸ்டிசி புதிதாகப் பிறக்கிறது. ஒரு சான்றொப்பத்தை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும். விரைவு வழியைத் தேர்ந்தாலொழிய, ஈதரியத்தில் பதிவு இனி மாற்ற முடியாத மீளாநிலையை அடையும்வரை, அதாவது ஏறத்தாழக் கால்மணி நேரம், சான்றொப்பம் வராது. ‘பர்ன் அண்ட் மின்ட்’ எனப்படும் இதற்கு ‘எரித்து அச்சிடல்’ என்பது முன்மொழிவு. தாளுக்கு அது பொருந்தும். நாணயத்தை யார் எரிக்கிறார்கள்? ‘உருக்கி வார்த்தல்’ என்பதே நம் பட்டறைப் பேச்சு. லிட்டல் இந்தியாவில் அம்மாவின் பழைய வளையலை மாற்றப் போனபோது, ஆசாரி உலையைப் பற்றவைக்குமுன் தராசில் வைத்து, எடையைச் சீட்டில் எழுதி, என்னையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னார். அந்தச் சீட்டுத்தான் இங்கே சான்றொப்பம்.

இவ்விரு வழிகளுக்கும் பொதுவான பெயர் என்ன? ‘வலைமாற்றம்’ ஆகாது, செயலியில் எந்த வலையமைப்பைப் பார்க்கிறோம் என்பதை மாற்றும் பொத்தான் ஏற்கெனவே அப்பெயரில் இருக்கிறது, அதை அழுத்தினால் பணம் அசையாது. ‘சங்கிலி மாற்று’ என்று வைத்து வீட்டில் காட்டினேன். நகைக்கடைச் செயலியா என்று கேட்டார்கள். பணம் ஓர் ஏட்டில் கழிக்கப்பட்டு வேறோர் ஏட்டில் வரவு வைக்கப்படுவதால் ‘ஏடுமாற்றம்’ என்று முன்மொழிகிறேன். குறைகளைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பட்டர்வொர்த்திலிருந்து

*

ஐயா, வணக்கம்.

‘ஏடுமாற்றம்’ நன்றாக இருக்கிறது. ‘ஈட்டுச்சீட்டு’ இன்றே வேண்டிய சொல். பாலிகான் என்ற கட்டச்சங்கிலியில் யுஎஸ்டிசி என்று நெடுங்காலம் புழங்கியது ஈதரியத்துப் பெட்டகத்தை நம்பிய சீட்டு. 2023 அக்டோபரில்தான் சர்க்கிள் அங்கே நேரடியாக யுஎஸ்டிசியை வெளியிட்டது. இரண்டும் ஒரே பணப்பை முகவரியில் வந்து நிற்கும், பெயரில் ஓர் எழுத்துத்தான் வேறுபாடு. என் தங்கை மகன் சீட்டை நாணயம் என்று நினைத்து ஒரு பரிமாற்ற நிலையத்துக்கு அனுப்பிவிட்டு, வரவு வைக்கச் சொல்லி மூன்று வாரம் கடிதம் எழுதினான்.

‘உருக்கி வார்த்தல்’ பற்றி ஓர் ஐயம். ஆசாரி உருக்குவதும் வார்ப்பதும் அதே தங்கம். இங்கே ஒழிந்தது ஒழிந்ததுதானே? மேலும், இரு கரையிலும் ஆளுக்கொரு கையிருப்பை வைத்துக்கொண்டு, இங்கே வாங்கி அங்கே கொடுக்கும் மூன்றாவது வழியை விட்டுவிட்டீர்கள். அதற்கு ‘உண்டியல்’ என்ற சொல் தயாராகவே இருக்கிறது. பினாங்கு வீதிக் கிட்டங்கிகளில் நகரத்தார் வழங்கிய சொல்.

கோலாலம்பூரிலிருந்து

*

அம்மா, வணக்கம்.

உலோகம் அதே உலோகம் என்பது உவமையின் எல்லை, ஏற்கிறேன். ஆயினும் எடை கூடாமலும் குறையாமலும் இருக்கிறதா என்பதைத்தான் பயனர் பார்க்க வேண்டியிருக்கிறது, அந்த அளவில் சொல் தாங்கும். ‘ஒழித்து வார்த்தல்’ இன்னும் துல்லியமானதுதான், ஆனால் தன் பணத்துக்கு நேரே ‘ஒழித்து’ என்று கண்டவர் பொத்தானை அழுத்த மாட்டார்.

உண்டியல், அந்த வழியின் இயக்கத்துக்கு அச்சு அசலாகப் பொருந்துகிறது. அதனாலேயே வேண்டாம் என்கிறேன். நம் நாட்டில் 2011ஆம் ஆண்டின் பணச் சேவைத் தொழில் சட்டப்படி, உரிமமின்றிப் பணம் அனுப்பும் தொழில் குற்றம். இன்றைய பேச்சில் உண்டியல் என்றாலே அந்த உரிமமில்லாத தொழில்தான். கோயில் உண்டியலை வேறு சேர்த்துக்கொள்ளுங்கள். ‘கைமாற்று’ என்று வைக்கலாமென்றால், அது வட்டியில்லாக் கடன். இப்போதைக்கு ‘கையிருப்பு வழி’ என்று எழுதிவைக்கிறேன்.

செயலியில் பொத்தான் ‘ஏடுமாற்று’ என்று இருக்கும். அதன் கீழே, வழியைப் பொறுத்து, ‘உருக்கி வார்க்கப்படும்’, ‘பூட்டி ஈட்டுச்சீட்டு தரப்படும்’, ‘கையிருப்பிலிருந்து தரப்படும்’ என்ற மூன்றில் ஒன்று வரும். இரண்டாவது வரி என் பழைய கைப்பேசியில் ஓர் எழுத்து வெட்டுப்படுகிறது. எழுத்துருவைச் சற்றுச் சிறிதாக்கியிருக்கிறேன். பழகியவர்கள் தேடினால் கிடைக்கட்டும் என்று ‘பாலம்’ என்பதைத் தேடுசொல்லாக மட்டும் விட்டுவைத்துள்ளேன்.