குடியிருப்போர் குழு: மைதானக் கச்சேரி ஆட்சேபக் கடிதம்

சண்முகம்: பக்கத்து மைதானத்தில் மூன்று நாள் திறந்தவெளி இசை நிகழ்ச்சி, கூடவே மதுக்கூடாரம். மாநகராட்சி அறிவிப்பு ஒட்டியிருக்கிறார்கள். அனுமதியே தரக்கூடாது என்று எழுதுவோம்.

மாலதி: ஐயா, அப்படி எழுதினால் எடுபடாது. நேரம், ஒலி அளவு, இடம் இவற்றுக்கு நிபந்தனை கேட்போம். நியூயார்க் சென்ட்ரல் பார்க் மேடையில் மாநகராட்சியின் ஒலிப் பொறியாளரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற விதியை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1989-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. என்ன பாடுகிறார்கள் என்பதில் விதி தலையிடவில்லை, சத்தத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது என்பதுதான் காரணம்.

நிஷா: நேரம் குறித்துக் கொடுத்தால் மதிப்பார்களா அக்கா?

மாலதி: உரிமத்தில் எழுதியிருந்தால் மதிக்கத்தான் வேண்டும். லண்டன் ஹைட் பார்க்கில் 2012-இல் பிரபல பாடகர்கள் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் மேடையில் நிற்கும்போதே ஒலியை நிறுத்தினார்கள். உரிமத்தில் இருந்த இரவு 10.30 மணி வரம்பு தாண்டிவிட்டது. நிறுத்தியவர்கள் ஏற்பாட்டாளர்களே.

ரகு: ரொம்பவும் இறுக்கினால் நிகழ்ச்சியே போய்விடும். அயர்லாந்தின் டப்ளினில் 2014-இல் அமெரிக்கப் பாடகர் கார்த் புரூக்ஸ் ஐந்து இரவு கேட்டார், மாநகராட்சி மூன்றுக்குத்தான் அனுமதித்தது. ஐந்தையும் ரத்து செய்துவிட்டார். டிக்கெட் வாங்கியவர்கள் ஏமாந்தார்கள்.

மாலதி: அங்கே தப்பு வேறு ரகு. அனுமதி வருவதற்கு முன்பே டிக்கெட் விற்றுவிட்டார்கள். இங்கே இன்னும் விற்பனை தொடங்கவில்லை, அதனால்தான் இப்போதே எழுதச் சொல்கிறேன்.

ரகு: சரி. விண்ணப்பத்தில் 75 டெசிபல் வரம்பு இருக்கிறதே, போதாதா?

மாலதி: அந்த எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ' என்று இருக்கிறது பார். அந்த அளவுகோல் தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்தே கணக்கிடும். ஜன்னல் கண்ணாடியை அதிரவைத்து, கதவை மூடினாலும் சுவர் வழியே வருவது அந்த ஒலிதான். ஆகவே அந்தத் தாழ்ந்த ஒலி அடங்கிய 63, 125 ஹெர்ட்ஸ் அதிர்வெண் பட்டைகளுக்குத் தனி வரம்பு கேட்க வேண்டும். மேடையருகே அளந்தால் பயனில்லை, நம் வீட்டு முகப்பில் 15 நிமிடச் சராசரியாக அளக்கட்டும். ஒலிபெருக்கிகளின் முகம் வீடுகளுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும்.

நிஷா: மது?

மாலதி: அதற்குத் தனி உரிமம். சுற்றி வேலி, நுழைவில் வயதுச் சோதனை, கண்ணாடிப் பாட்டில் கூடாது. இவை வழக்கமான நிபந்தனைகள், பெரும்பாலும் தந்துவிடுவார்கள். நாம் விடாமல் கேட்க வேண்டியது, இசை முடிவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விற்பனையை நிறுத்துவது. இரண்டும் ஒன்றாக முடிந்தால் கடைசிக் கோப்பையோடு மொத்தக் கூட்டமும் நம் தெருவில்தான் நிற்கும்.

சண்முகம்: ராத்திரி சத்தம் எல்லை மீறினால் யாரிடம் சொல்வது? அலுவலகம் பூட்டியிருக்கும். வீட்டில் அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கிறாள் அம்மா.

மாலதி: புரிகிறது ஐயா. ஒலிக்கட்டுப்பாட்டு மேசையில் இருப்பவரே எடுக்கும் தொலைபேசி எண் ஒன்றை எல்லா வீட்டுக்கும் முன்கூட்டியே தர வேண்டும், வரும் புகார்களை நேரத்தோடு பதிவுசெய்து மறுநாள் மாநகராட்சிக்குக் கொடுக்க வேண்டும். இதைக் கடிதத்தில் முதல் கோரிக்கையாக வைக்கிறேன். அடுத்த ஆண்டு விண்ணப்பம் வரும்போது அந்தப் பதிவேடுதான் நமக்குச் சாட்சி.

சண்முகம்: அப்படியானால் நானும் கையெழுத்துப் போடுகிறேன்.

நிஷா: நான் இன்றிரவு தட்டச்சு செய்து இங்கே போடுகிறேன். திருத்தம் இருந்தால் காலைக்குள் சொல்லுங்கள்.