ஒரே ஆக்டின் இரண்டு படத்தில்: என் பிரமையா?

ஜூரோங்_ஜெல்:
சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ரிசர்ச் அசிஸ்டெண்ட்டாக இருக்கிறேன். எங்கள் சீனியரின் கட்டுரை அடுத்த வாரம் ஜர்னலுக்குப் போகிறது. எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் தந்தார். எம்ஆர்டி ரயிலில் கைப்பேசியில் பார்த்துக்கொண்டே வந்தபோது ஒன்று உறுத்தியது. இரண்டாம் படம், ஐந்தாம் படம் இரண்டிலும் வெஸ்டர்ன் பிளாட்டுக்கு (புரதங்களைப் பிரித்துக் கோடுகளாகக் காட்டும் சோதனை) கீழே உள்ள ஆக்டின் வரிசை (எல்லா மாதிரியிலும் புரத அளவு சமமா என்று ஒப்பிட வைப்பது) ஒன்றுபோலவே இருக்கிறது, இடம் வலம் மட்டும் மாறி. இரண்டாம் படத்தில் இடக்கோடி பேண்டின் (புரதக் கோட்டின்) வால் மேலே சுருண்டிருக்கிறது. ஐந்தில் அதே சுருள் வலக்கோடியில். செல் வேறு, மருந்தும் வேறு. ஆக்டின் எல்லாமே ஒரே சாயல்தானே என்று மனசு சமாதானம் சொல்கிறது. யாரையும் குற்றம் சொல்வதற்கு முன்னால் எப்படி உறுதி செய்வது?

கண்ணாடிக்காரி:
தம்பி, கட்டுரைப் படங்களைச் சரிபார்த்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிழைப்பு. பேண்டைப் பார்க்காதீர்கள், பேண்டுக்கு நடுவே உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். தூசிப் புள்ளி, கீறல், குமிழ் விழுந்த தடம். இரண்டு மெம்பிரேனில் (புரதத்தை ஒற்றியெடுக்கும் தாளில்) ஒரே இடத்தில் ஒரே தூசி போய் உட்காராது. கான்ட்ராஸ்டை ஏற்றினால் இதெல்லாம் தெரிய வரும். அப்புறம் போட்டோஷாப்பில் ஒன்றைப் புரட்டி மற்றதன் மேல் வைத்து, மேல் லேயரை 'டிஃபரன்ஸ்' ஆக்குங்கள். ஒத்துப்போகிற இடமெல்லாம் கறுத்துவிடும். அளவும் வெளிச்சமும் மாறியிருந்தால் முதலில் அதைச் சரிக்கட்ட வேண்டும். வேர்டில் ஒட்டிய ஜேபெக் (JPEG) படம் ஆகாது. அதில் கட்டம் கட்டமாகச் சிதைவு இருக்கும், வெட்டி ஒட்டியது போல ஏமாற்றும். மூல ஸ்கேனைக் கேட்டு வாங்குங்கள்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: முழுப் படத்துக்கும் ஒரே அளவாக வெளிச்சம் கூட்டியிருந்தால் அது தப்பில்லை. அதைப் பார்த்துவிட்டுக் குதிக்காதீர்கள்.

தேக்கா_தே_ஓ:
இதற்குத்தான் ப்ரூஃபிக், இமேஜ்ட்வின் என்று மென்பொருள் வந்துவிட்டதே. 'சயின்ஸ்' குழும இதழ்கள்கூட 2024 முதல் ப்ரூஃபிக் பயன்படுத்துகின்றன. ஆனால் வெளிவராத கட்டுரையைக் கண்ட தளத்திலும் ஏற்றி வைக்காதீர்கள், வேலைக்கே உலை.

கண்ணாடிக்காரி:
மென்பொருள் நல்லதுதான், ஆனால் கண்ணைக் குறைவாக எடைபோடாதீர்கள். கட்டுரைப் படங்களில் தில்லுமுல்லு கண்டுபிடிப்பதில் பேர்பெற்ற நுண்ணுயிரியலாளர் எலிசபெத் பிக்கும் கூட்டாளிகளும் 2016இல் வெளியிட்ட ஆய்வில் 20,621 கட்டுரைகளைக் கண்ணாலேயே பார்த்தார்கள். 3.8 சதவீதத்தில் படச் சிக்கல். அதில் பாதியாவது வேண்டுமென்றே செய்தது போலத் தெரிந்தது. மீதியைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம், அதனால் முதலில் நிதானமாகக் கேளுங்கள்.

ஜூரோங்_ஜெல்:
அக்கா, செய்து பார்த்தேன். ஓரத்தில் மெல்லிய சாம்பல் கோடு தவிர மொத்தமும் கறுப்பு. மூன்றாவது லேனுக்கு (ஒரு மாதிரி ஓடும் பாதை) பக்கத்தில் கடுகளவு ஒரு புள்ளி, அதுவும் இரண்டிலும் இருக்கிறது. சீனியரிடம் கேட்டேன், சிரித்துக்கொண்டே, "ஐந்தாம் படத்துக்கு இன்னும் ஸ்கேன் வரவில்லை, இடம் நிரப்ப வைத்தது, மாற்றிவிடுவேன்" என்றார். நிம்மதியாகிவிட்டது.

கண்ணாடிக்காரி:
சரி. இடம் நிரப்ப வைத்த படத்தை எதற்குப் புரட்டி வைத்தாராம்?

ஜூரோங்_ஜெல்:
...அதைக் கேட்கவில்லை. திங்கட்கிழமை லேப் மீட்டிங். அதற்குள் அசல் மெம்பிரேன் ஸ்கேனை, தேதியோடு, எனக்கு அனுப்பச் சொல்லி இப்போதுதான் மின்னஞ்சல் போட்டேன்.