புதுப்பிப்பு: செருப்பால் அடித்து வாசிக்கும் பைப் வாத்தியம், சுருதி சேர்ந்துவிட்டது

போன மாதம் ஒரு புலம்பல் போட்டிருந்தேன், நினைவிருக்கலாம். பிவிசி பைப்புகளைக் கணக்குப் பார்த்து வெட்டி, அவற்றின் வாயில் பழைய ரப்பர் செருப்பால் அடித்தால் எல்லா ஸ்வரமும் இறங்கியே ஒலிக்கிறது, அதுவும் சின்னப் பைப்புகள் ரொம்ப மோசம் என்று.

தப்பு கணக்கில்தான். ஒலியின் வேகத்தை (20 டிகிரியில் நொடிக்கு சுமார் 343 மீட்டர்) அதிர்வெண்ணின் இரண்டு மடங்கால் வகுத்து நீளம் எடுத்தேன், 261.6 ஹெர்ட்ஸுக்கு 65.6 செ.மீ. வந்தது. ஆனால் உள்ளே அதிரும் காற்று பைப்பின் விளிம்போடு நிற்பதில்லை, இரண்டு பக்கமும் ஆரத்தில் 0.6 பங்கு வெளியே நீள்கிறது. என் பைப்பின் ஆரம் 2.5 செ.மீ., ஆக மொத்தம் 3 செ.மீ. குறைத்திருக்க வேண்டும். நெட்டைப் பைப்புக்கு அதன் பாதிப்பு குறைவு, 33 செ.மீ. குட்டைக்கோ கிட்டத்தட்ட ஒன்றரை ஸ்வரஸ்தானம் (ச முதல் மேல் ச வரை உள்ள பன்னிரண்டு படிகளில் ஒன்றரைப் படி) இறங்கிவிடும்!

சரி என்று ரம்பத்தை எடுத்தேன். அவசரத்தில் ஒன்றைக் கூடுதலாக அறுத்துத் தொலைத்தேன், அதற்கு மட்டும் நுனியில் தடித்த அட்டையைச் சுற்றி டேப் ஒட்டி நீட்டியிருக்கிறேன், பார்க்கக் கட்டுப்போட்ட விரல் மாதிரி இருக்கிறது, ஆனால் சத்தம் சுத்தம்.

அப்புறம், செருப்பை அடித்தவுடன் எடுத்துவிடுங்கள். வாயிலேயே அழுத்தி வைத்தால் ஒரு பக்கம் மூடிய குழலாகி ஸ்வரம் சுமார் ஒரு ஸ்தாயி கீழே விழுகிறது. முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது வேண்டுமென்றே அப்படி வாசிக்கிறேன்.