மறு: 'தடித்த சாய்வுக் காட்சி எழுத்துரு' என்ற சொல்லாக்கம் பற்றி

கலைச்சொல் குழும நண்பர்களுக்கு வணக்கம்.

தலைப்புகளுக்கென்று பெரிய அளவில் வரைந்த, தடித்து வலப்பக்கம் சாய்ந்து நிற்கும் எழுத்தை ஆங்கிலத்தில் குறிக்கும் 'போல்டு இட்டாலிக் டிஸ்ப்ளே டைப்ஃபேஸ்' என்பதற்குத் 'தடித்த சாய்வுக் காட்சி எழுத்துரு' என்று சென்னை ஐயா முன்மொழிந்திருக்கிறார். நான்கு சொல்லுக்கு நான்கு சொல் கிடைத்துவிட்டது. ஆனால் கேரளத்தின் தமிழக எல்லையில் உள்ள கொழிஞ்சாம்பாறையில் கடைப்பலகையும் திருவிழா நோட்டீஸும் வடிவமைத்துத் தரும் எனக்கு, அவற்றுள் 'சாய்வு', 'காட்சி' என்னும் இரண்டும் பொருளைப் பிடிக்கவில்லை என்று தோன்றுகிறது.

முதலில் சாய்வு. இட்டாலிக் என்பது நிமிர்ந்த எழுத்தைப் பிடித்துச் சாய்த்தது அன்று. 1501இல் வெனிஸ் நகரத்தில் அச்சகர் ஆல்டஸ் மனுஷியஸ் ரோமானியக் கவிஞர் வெர்ஜிலின் கவிதைகளை அச்சிட்டபோது, பிரான்செஸ்கோ கிரிஃபோ வெட்டிக் கொடுத்த அச்செழுத்து, அக்காலத்து இத்தாலியக் கற்றோர் விரைந்து எழுதிய கையெழுத்தைப் பின்பற்றியது. முழு நூலும் அவ்வெழுத்திலேயே இருந்தது. பெரிய (கேப்பிட்டல்) எழுத்துகள் மட்டும் நிமிர்ந்தே நின்றன. ஆகவே அதன் அடையாளம் கையோட்டம். சாய்வு அந்த ஓட்டத்தோடு வந்து சேர்ந்தது. வெறுமனே சாய்த்த எழுத்துக்கு ஆங்கிலத்தில் 'ஒப்லிக்' என்று தனிப்பெயர் உண்டு. இணையப் பக்கங்களுக்கான வடிவமைப்பு மொழியிலும் இவ்விரண்டும் தனித்தனி மதிப்புகளே. இரண்டையும் நாம் 'சாய்வு' என்றே அழைத்தால், மென்பொருளைத் தமிழாக்குபவர் அடுத்தடுத்த இரண்டு வரிகளில் ஒரே சொல்லை எழுத நேரும்.

தமிழில் இந்தக் குழப்பம் கூடுதலாக வலிக்கிறது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்து அச்சேறியபோது இட்டாலிக் பிறந்து எழுபத்தேழு ஆண்டுகள் ஆகியிருந்தும், அழுத்தம் காட்டச் சாய்த்து எழுதும் பழக்கம் நம்மிடம் வேரூன்றவில்லை. மேற்கோள் குறியோ தடித்த எழுத்தோ அந்த வேலையைச் செய்துவந்தது. இன்றைக்கும் பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் தனியாக வரைந்த இட்டாலிக் கிடையாது. பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தானே சாய்த்துக் காட்டுகிறது. ஓர் அடி உயர எழுத்தைப் பன்னிரண்டு பாகை சாய்த்தால் அதன் உச்சி ஏறத்தாழ இரண்டரை அங்குலம் வலப்பக்கம் நகரும். அதற்கும் மேலே இருக்கும் புள்ளி இன்னும் நகர்ந்து, பக்கத்து எழுத்துக்கு உரியது போல நிற்கும். வட்டமான கோடுகள் வலது மேல்முனையிலும் இடது கீழ்முனையிலும் பருத்து, மற்ற இரு முனைகளில் மெலியும். மெல்லிய எழுத்தில் கண்ணுக்குத் தப்பும் இக்கோணல், தடித்த எழுத்தில், அதுவும் பலகை அளவில், பல் இளிக்கும். ண, ணை போன்றவற்றின் உள்வெளிகள் தடிமனால் முன்பே இறுகியிருப்பவை. சாய்த்தபின் அவை மேலும் நசுங்குகின்றன. இவற்றை எல்லாம் கையால் திருத்தி வரைந்தால்தான் அது வடிவமைத்த எழுத்து.

எல்லைப்புறத்தில் இன்னொன்றையும் பார்க்கிறோம். ஒரே பலகையில் மலையாளத்தையும் தமிழையும் ஒரே பாகையில் சாய்த்தால், தமிழ்தான் அதிகம் சாய்ந்ததாகத் தெரிகிறது. மலையாள எழுத்தின் வளைவுகள் சாய்வை விழுங்கிக்கொள்கின்றன. நம் ட, ப, ம, ய ஆகியவற்றின் செங்குத்துக் கோடுகள் அதைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. நான் தமிழை இரண்டு, மூன்று பாகை குறைத்தே வைக்கிறேன்.

எனவே இட்டாலிக்குக்குக் 'கைச்சாய்வு', ஒப்லிக்குக்கு 'வெறுஞ்சாய்வு' என்று முன்மொழிகிறேன். 'ஒழுகெழுத்து' என்றும் யோசித்தேன். ஆனால் தமிழருக்குக் கூரை ஒழுகுவது நினைவுக்கு வரும். பாலக்காட்டுக்காரருக்கோ 'ஒழுக்கன்' என்றால் ஏனோதானோ என்று பொருள். விட்டுவிட்டேன்.

அடுத்து 'காட்சி'. அச்சொல் திரைப்படத்தையும் கண்காட்சியையும் நினைவூட்டுகிறதே தவிர, பெரிய அளவில் தலைப்புக்கென்றே வரைந்த எழுத்தை உணர்த்தவில்லை. செய்தித்தாள் படிப்பவர்கள் 'கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறான்' என்று எத்தனையோ காலமாகச் சொல்லிவருகிறார்கள். பெரியது, தடித்தது, தலைப்புக்குரியது என்னும் மூன்றும் அந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்க, நாம் ஏன் இரண்டு சொல்லைத் தேட வேண்டும்? 'கைச்சாய்வுக் கொட்டை எழுத்துரு' என்பது என் பரிந்துரை.

வணக்கத்துடன்,
கொழிஞ்சாம்பாறையிலிருந்து

———

அன்புடையீர்,

கைச்சாய்வு, வெறுஞ்சாய்வு இரண்டையும் ஏற்கிறேன். கொட்டைக்கு இரண்டு தடைகள் உண்டு. வகுப்பறையில் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பது ஒன்று. அதை நான் பெரிதாகக் கருதவில்லை. மற்றது முக்கியமானது: டிஸ்ப்ளே வகையில் மயிரிழை போன்ற மெல்லிய எழுத்துகளும் உள்ளன. 'மெல்லிய கொட்டை எழுத்து' என்று எப்படிச் சொல்வீர்கள்?

சென்னையிலிருந்து

———

ஐயா,

இரண்டாவது தடை சரியானது. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை. டிஸ்ப்ளே என்ற பொதுவகைக்குத் 'தலைப்பெழுத்துரு' என்று வைத்துக்கொள்ளலாம். மெல்லியது 'மென்தலைப்பெழுத்துரு' ஆகட்டும். கொட்டை, தடித்த தலைப்பெழுத்தை மட்டும் குறிக்கட்டும். பத்திக்குள் வரும் தடித்த சொல் இப்போதுபோலவே 'தடித்த எழுத்து' என்றே இருக்கலாம், ஏனெனில் பத்தி அளவில் எவரும் அதைக் கொட்டை எழுத்து என்று சொல்வதில்லை. இந்தத் திருத்தத்தோடு ஐந்து சொற்களையும் பட்டியலில் சேர்த்துவிடுகிறேன்.