வளைகாப்புக் குழுவில் ஒரு துரோகி

குழு: வித்யா வளைகாப்பு
சனிக்கிழமை

கணேசன் (4:02): பந்தல்காரர் மறுபடியும் கேட்கிறார். வாசலிலா, கொல்லையிலா? நாளைக்குள் சொல்லாவிட்டால் வேறு இடத்துக்கு ஒப்புக்கொண்டுவிடுவாராம். 60 பேருக்கு வாசல் போதாது.

சரோஜா: கொல்லையின் நடுவில்தான் சுவர் நிற்கிறதே

கணேசன்: அது எனக்கும் தெரியும்.

பாலு: 👍

சரோஜா: எதற்கு இந்தக் கட்டைவிரல்? வாசலா, கொல்லையா?

மீனா (4:31): பந்தல் கிடக்கட்டும். கார்த்தி மதியத்திலிருந்து அறையைத் தாழிட்டுக்கொண்டு கிடக்கிறான். வத்தக்குழம்பும் சுட்ட அப்பளமும் போட்டது போட்டபடி இருக்கின்றன. உள்ளே யாரையோ திட்டுகிறான். "துரோகி, மூன்று வருடம் ஒன்றாகச் சாப்பிட்டார்களே" என்று காதில் விழுந்தது. எனக்குக் கை நடுங்குகிறது.

சரோஜா: யார் அந்தப் பெண்?

மீனா: பெண் என்று நான் சொல்லவே இல்லையே அண்ணி

சரோஜா: மூன்று வருடம் என்றால் கல்லூரிக் காலம். விடுதி வேண்டாம் என்று அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டேன்

கணேசன்: யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டிருப்பான். பாலு, விசாரி. படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுவது உங்கள் வீட்டில் புதிதல்ல.

பாலு: அண்ணா, அதை ஏன் இப்போது

வித்யா: சித்தி, கதவைத் தட்டினீர்களா?

மீனா: தட்டினேன். "இப்போது வேண்டாம் அம்மா, அவன் சுவர் மேல் நிற்கிறான்" என்கிறான்

சரோஜா: சுவர் மேலா?? முருகா

பாலு (4:40): கொல்லைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். சுவர் மேல் பூனைதான் படுத்திருக்கிறது.

அருண்: அத்தை, ரைனர் என்ற பெயர் காதில் விழுந்ததா?

மீனா: ஆமாம் அருண்! ரைனர், ரைனர் என்றுதான் கத்தினான். உனக்குத் தெரிந்த பையனா? எந்த ஊர்?

அருண்: பயப்படாதீர்கள். 'அட்டாக் ஆன் டைட்டன்' என்று ஒரு ஜப்பானிய அனிமே தொடர். அதன் இரண்டாவது சீசன், ஆறாவது பகுதி. ஜப்பானில் 2017 மே மாதம் வந்தது. கார்த்தி இப்போதுதான் பார்க்கிறான் போல. அன்று நானும் இரவுச் சாப்பாடு சாப்பிடவில்லை.

சரோஜா: அன்று வயிற்றுவலி என்றாயே

கணேசன்: பொம்மைப் படமா. 24 வயதில்.

மீனா: அப்பாடா. யாரும் ஏமாற்றவில்லையே?

அருண்: ஏமாற்றினான் அத்தை, ஆனால் நம்மை இல்லை. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மனிதர்களைத் தின்னும் பூதங்களுக்குப் பயந்து எல்லாரும் 50 மீட்டர் உயரச் சுவருக்குள் வாழ்கிறார்கள். ஒரு நாள் அந்தச் சுவருக்கும் மேலே தலை தெரிகிற ஒரு பூதம் வருகிறது, 60 மீட்டர். அது வெளிவாயிலை உதைத்து உடைக்கிறது. உடம்பெல்லாம் கவசம் கொண்ட இன்னொன்று உள்வாயிலை மோதித் தகர்க்கிறது. எரன் என்ற சிறுவன் தன் தாயை ஒரு பூதம் தின்பதைக் கண்ணால் பார்க்கிறான். பிறகு படையில் சேர்கிறான். மூன்று வருடப் பயிற்சி. அங்கே அவனுக்கு அண்ணன் போல இருப்பவன்தான் ரைனர். எல்லாருக்கும் முன்னால் நின்று அடி வாங்குகிறவன்.

பாலு: வேன் 12 பேர் உட்காருவதா, 18 பேரா?

வித்யா: 18 சித்தப்பா. மாமியார் வீட்டில் எண்ணிக்கை கூடிவிட்டது

அருண்: கேளுங்கள். ஐந்து வருடம் கழித்து, ஒரு சண்டை முடிந்து, எல்லாரும் சுவரின் உச்சியில் களைத்து நிற்கிறார்கள். ரைனரின் கை கட்டுப் போட்டுத் தொங்குகிறது. கொடி காற்றில் படபடக்கிறது. மற்றவர்கள் அடுத்து எங்கே போவது என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ரைனர் எரனிடம், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்கும் குரலில் சொல்கிறான்: ஐந்து வருடம் முன்பு சுவரைத் தாக்கியது நாங்கள்தான், நான் கவசப் பூதம், இதோ இவன்தான் அந்தப் பெரிய பூதம், எங்கள் ஊருக்கு வந்துவிடு, சுவர்களை விட்டுவிடுகிறோம். இடி, மின்னல், வில்லன் சிரிப்பு எதுவும் கிடையாது. பக்கத்தில் நிற்கும் கூட்டாளியே பதறிப்போகிறான்.

சரோஜா: ஊருக்கு வா என்றா கூப்பிட்டான்?

அருண்: அதுதான் அம்மா எனக்குத் தொண்டையை அடைத்தது. அவனுக்கும் ஒரு ஊர் இருக்கிறது. அதற்காகத்தான் வந்திருக்கிறான். ஆனால் மூன்று வருடம் வேஷம் போட்டதில் தான் உளவாளியா படைவீரனா என்பது அவனுக்கே மறந்து போகிறது. எரனுக்கு முன்பே சந்தேகம் சொல்லியிருந்தார்கள். இருந்தும் "நீ களைத்துப் போயிருக்கிறாய்" என்று சமாளிக்கப் பார்க்கிறான். நம்ப மனம் வரவில்லை.

மீனா: பாவம்

கணேசன்: யார் பாவம்? சோறு போட்ட இடத்துக்கு இரண்டகம் செய்தவனா?

சரோஜா: அண்ணா, விபீஷணனை மட்டும் ஆழ்வார் என்கிறோமே

கணேசன்: விபீஷணன் சொல்லிவிட்டு வெளியேறினான். உள்ளே இருந்துகொண்டு குழி பறிக்கவில்லை. கதை தெரியாமல் பேசாதே.

அருண்: பிறகு ரைனர் கையின் கட்டை அவிழ்க்கிறான். காயத்திலிருந்து புகை வருகிறது, தானாக ஆறுகிறது. அவ்வளவுதான், மிகாசா என்ற பெண் வாளோடு பாய்கிறாள். அதற்குள் இரண்டு பேரும் பூதமாகிவிடுகிறார்கள். எரனைப் பிடித்துக்கொண்டு கவசப் பூதம் சுவரிலிருந்து கீழே குதிக்கிறது. அந்தக் கைக்குள் இருந்தபடி, அழுதுகொண்டே, எரன் துரோகி என்று கத்திக்கொண்டு தானும் பூதமாகிறான். அவனுக்கும் அந்தச் சக்தி உண்டு. ஜப்பானிய மொழியில் துரோகம் 'உராகிரி'. உரா என்றால் பின்புறம், கிரி என்றால் வெட்டு. நாம் முதுகில் குத்துகிறோம், அவர்கள் வெட்டுகிறார்கள்.

பாலு: சண்டையில் யார் ஜெயித்தார்கள்?

வித்யா: சித்தப்பா நீங்களுமா

அருண்: அடுத்த பகுதி முழுக்கச் சண்டைதான் சின்ன மாமா. கவசத்தின் மேல் குத்தி எரனின் கைதான் உடைகிறது. பிறகு புத்தி வருகிறது. பயிற்சியில் கற்ற மல்யுத்தப் பிடியைப் போட்டு மூட்டை முறுக்குகிறான். கவசத்துக்கு முழங்காலின் பின்பக்கம் மறைப்பு இல்லை. மிகாசா அங்கே வெட்டுகிறாள். கழுத்தைப் பிய்த்துவிடுவான் என்னும் நேரத்தில் கவசப் பூதம் ஓங்கிக் கத்துகிறது. அது வலியில் வந்த கத்தல் இல்லை, அடையாளக் குரல். சுவர் உச்சியில் இருந்த பெரிய பூதம் அப்படியே இவர்கள் தலை மேல் விழுகிறது.

சரோஜா: அடப்பாவி

அருண்: எனக்கு என்னவோ சண்டையைவிடச் சுவர் மேல் பேசிய அந்தச் சாதாரணப் பேச்சுதான் பெரிது. 12-ஆம் பகுதியில் ஹான்னஸ் சாகும்போதுகூட நான் அவ்வளவு ஆடிப்போகவில்லை. இன்னொன்று தெரியுமா, இதை எழுதி வரைந்த இசயாமா ஹஜிமே பிறந்த ஊர்ப் பக்கம் ஒரு அணை இருக்கிறது, ஓயாமா அணை. அதைச் சுவர் போல அண்ணாந்து பார்த்துக்கொண்டு எரன், மிகாசா, அவர்கள் நண்பன் ஆர்மின் மூவருக்கும் சிலை வைத்திருக்கிறார்கள்.

சரோஜா: கல்லணையில் கரிகாலனுக்கு இருப்பது போலவா

அருண்: கிட்டத்தட்ட. அவர் இந்தக் கதையைத் தொடங்கியது 2009. 2021-இல் முடித்துவிட்டார்.

பாலு (5:26): 2009-இல்தான் நம் கொல்லைச் சுவரும் எழும்பியது. அது இன்னும் முடியவில்லை. அங்கே சுவரை உடைத்தவன் துரோகி. இங்கே கட்டியவர்.

வித்யா: சித்தப்பா!!

மீனா: ஏங்க, போனை வையுங்கள்

*கணேசன் வெளியேறினார்*

சரோஜா: தம்பி, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டாயா? 16 வருடக் கதையை வளைகாப்பு நேரத்திலா?

பாலு: கிணறு யார் பக்கம் போனது என்று கேளுங்கள் அக்கா. அப்பா வெட்டிய கிணறு. நான் 240 அடி ஆழ்துளை போட்டு உப்புத் தண்ணீர் குடிக்கிறேன்.

சரோஜா: பத்திரத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும்

பாலு: அண்ணன் நீட்டினால் யார் படிப்பார்கள்?

*வித்யா, கணேசனைச் சேர்த்தார்*

வித்யா: அப்பா, தயவுசெய்து. எனக்கு எட்டாம் மாதம்.

அருண்: தப்பு என்னுடையது பெரிய மாமா. சுவர்க் கதையை நான் எடுத்திருக்கக் கூடாது

சரோஜா: எப்போது நிறுத்துவது என்று உனக்குத் தெரியாது. உன் அப்பாவும் இப்படித்தான்

கணேசன் (5:49): எனக்கு யார் மேலும் கோபமில்லை. சார்ஜ் தீர்ந்து வெளியே வந்துவிட்டது.

பாலு: சார்ஜ் தீர்ந்தால் குழுவிலிருந்து வெளியேறாது அண்ணா

மீனா: ஏங்க

கணேசன்: மீனா, பந்தல்காரர் நாளைக் காலை அளக்க வருவார். என் பக்கத்துப் பூட்டின் சாவி எதிர்வீட்டில் இருக்கிறது. சமையலுக்குக் கிணற்றுத் தண்ணீரை எடுத்துக்கொள்ளச் சொல்.

மீனா: சரி மாமா

சரோஜா: அப்படியானால் கொல்லைதானா? சுவர் மேல் துணி போர்த்துவதா, அல்லது

வித்யா: அல்லது?

சரோஜா: நான் ஒன்றும் சொல்லவில்லை

பாலு: இரண்டு பக்கமும் தனித்தனிப் பந்தலா? யார் எந்தப் பக்கம் உட்காருவது?

கணேசன்: அளந்த பிறகு பேசலாம்.

மீனா (6:15): கார்த்தி கதவைத் திறந்துவிட்டான். கண் சிவந்திருக்கிறது. அப்பளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறான். குழுவைப் படிக்கச் சொன்னேன்.

அருண்: ஐயோ அத்தை, வேண்டாம்

*இந்தச் செய்தி நீக்கப்பட்டது*

கார்த்தி (6:19): அத்தான்.

கார்த்தி: ஹான்னஸ் சாகிறாரா?

அருண்: யார் சொன்னது?

கார்த்தி: நீக்குவதற்கு முன்பே படித்துவிட்டேன். நான் ஆறாவது பகுதிதான் முடித்திருக்கிறேன். இன்னும் ஆறு இருக்கின்றன. ரைனராவது நேருக்கு நேர் நின்று சொன்னான்.

சரோஜா: அந்த ஹான்னஸ் யார்? நல்லவனா?

கார்த்தி: இனி யார் கேட்டாலும் சொல்ல மாட்டேன் அத்தை.

வித்யா: வேனை யாராவது பேசினீர்களா?

பாலு: 👍

சரோஜா: பேசியாயிற்றா, பேசப்போகிறாயா?