பாளை வீட்டு டிரங்குப் பெட்டியும் ஷாம்பெயின் சார்லியும்

குழு: பாளை வீடு 🏠

ஞானராஜ்: அனைவருக்கும் காலை வணக்கம். பத்திரப் பதிவு வெள்ளிக்கிழமை 11 மணிக்கு. வாங்குகிறவர் வியாழனுக்குள் வீட்டைக் காலி செய்து கேட்கிறார். மாடி அறையில் அப்பாவின் டிரங்குப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. யாருக்கு வேண்டும் என்று மாலைக்குள் சொல்லவும். டேவிட், உன் ஆதார் நகல் இன்னும் வரவில்லை.

எஸ்தர்: பெட்டியில் என்ன இருக்கு அண்ணே

ஞானராஜ்: பழைய பியானோ நோட்டுத் தாள்கள். பாதி செல்லரித்தது. பேப்பர்காரரை மூன்று மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

ஜெபா: ஐயோ மாமா போட்டுடாதீங்க

ரூபன்: [படம்] [படம்] [படம்]

ரூபன்: மேலாகக் கிடந்தது இது

சரோஜா: தொப்பிக்காரன் யாரு

ஜெபா: அட்டையில் என்ன எழுதியிருக்கு அத்தான்

ரூபன்: ஷாம்பெயின் சார்லி

எஸ்தர்: ஷாம்பெயினா??

டேவிட்: 😂😂 ஆர்கன் மாஸ்டர் ஆசீர்வாதம்

ஞானராஜ்: வீண் பேச்சு வேண்டாம். அப்பா 41 வருடம் கோவிலில் ஆர்கன் வாசித்தவர். ஞானப்பாட்டும் கீர்த்தனையும் தவிர வேறு எதையும் அவர் விரல் தொட்டதில்லை.

டேவிட்: பெட்டிக்குள்ளே தொட்டிருக்காரே சித்தப்பா

பியூலா: இப்போதுதான் எழுந்தேன், லண்டனில் மணி ஆறு. ரூபன், முதல் படத்தின் கீழ் மூலையை மட்டும் பக்கத்தில் வைத்து எடு. யாரும் பேப்பர்காரருக்கு ஒரு தாள்கூடக் கொடுக்க வேண்டாம்!!

ரூபன்: [படம்]

ரூபன்: கான்கானன்? பாதி வெட்டுப்பட்டிருக்கு மைனி

பியூலா: நினைத்தேன். ஆல்ஃபிரட் கான்கானென், 1835இல் பிறந்து 1886இல் இறந்தவர். லண்டன் மியூசிக் ஹால் (குடித்துக்கொண்டே பாட்டும் கூத்தும் பார்க்கிற அரங்கு) பாட்டுகளுக்கு அட்டைப் படம் வரைந்தவர்களில் இவர் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். அப்போது ரெக்கார்டும் இல்லை, ரேடியோவும் இல்லை. ராத்திரி ஹாலில் கேட்ட பாட்டு மனசிலேயே நின்றால் மறுநாள் கடைக்குப் போய் நோட்டை வாங்கிவந்து வீட்டுப் பியானோவில் வாசித்தால்தான் உண்டு. கடைக்காரர் இந்த அட்டைகளை ஜன்னலில் வரிசையாகத் தொங்கவிடுவார். உள்ளே இருக்கிற நோட்டு படிக்கத் தெரியாதவன்கூடப் படத்துக்காக நின்று பார்ப்பான்.

எஸ்தர்: நாங்க டாக்கீஸில் சினிமா பாட்டுப் புத்தகம் வாங்கின மாதிரி. நானும் டேவிட் அப்பா சாமு அண்ணனும். அப்பாவுக்குத் தெரிஞ்சா பெல்ட்தான்

சரோஜா: வெட்டுப்பட்டது எலியா

பியூலா: எலி இல்லை அத்தை. வாங்கினவர்கள் பத்து இருபது பாட்டைச் சேர்த்து பைண்டு செய்வார்கள். பைண்டர் ஓரத்தைச் சீவும்போது வரைந்தவர் பெயர் போய்விடும். இங்கே பாதியாவது தப்பித்திருக்கிறது. அப்புறம், அட்டையில் 4 ஷில்லிங் என்று போட்டிருக்கிறதே, அந்த விலைக்கு யாரும் வாங்கியதில்லை, பாதிக்குத்தான் கொடுப்பார்கள்.

டேவிட்: ஆடித் தள்ளுபடி

பியூலா: அந்தத் தொப்பிக்காரர் ஜார்ஜ் லேபோர்ன். மேடைக்கு வருமுன் மெக்கானிக். 1866இல் இந்தப் பாட்டைப் பாடி உச்சிக்குப் போனார். 1868இல் கேன்டர்பரி ஹால் முதலாளி வாரம் 25 பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டார். அதில் என்ன கூத்து என்றால், வெளியில் போனாலும் நாலு குதிரை வண்டியில் பெரிய மனிதன் மாதிரி போக வேண்டும், ஷாம்பெயின்தான் குடிக்க வேண்டும். மெக்கானிக்கைக் கோடீஸ்வரனாக நடிக்க வைத்தார்கள். 1884இல் 42 வயதில் செத்துப்போனார்.

சரோஜா: பாவம்

ஞானராஜ்: குடித்தால் அப்படித்தான்.

ஜெபா: உங்களுக்கு எப்படிக்கா இவ்வளவு தெரியும்

பியூலா: விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்தார் கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபர்டில் ஒரு பெரிய கிடங்கை 2025 மே மாதம் திறந்தார்கள். அலமாரியில் கிடக்கிற எதையும் நாமே பார்த்துத் தேர்ந்தெடுத்து முன்கூட்டியே பதிவு செய்யலாம், ஒரு தடவைக்கு 5 பொருள், காசு கிடையாது. நான் அஞ்சுக்கும் கான்கானென் அட்டைகளையே கேட்டேன். மேசையில் பஞ்சுத் தலையணை மாதிரி ஒன்றைப் போட்டு அதன்மேல் வைத்தார்கள். பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முகம் முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள், கன்னத்துச் சிவப்பு மட்டும் கோட்டைத் தாண்டி ஒரு நூல் தள்ளி விழுந்திருந்தது.

டேவிட்: ஏன்?

பியூலா: கேட்டாயே! ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல். சுண்ணாம்புக் கல்லில் கொழுப்பு மையால் இடவலம் மாற்றி வரைவார்கள். கல்லை நனைத்தால் வெற்றிடத்தில் தண்ணீர் பிடிக்கும், மை ஒட்டாது. வரைந்த இடம் தண்ணீரைத் தள்ளும், மையைப் பிடித்துக்கொள்ளும். கறுப்புக் கல்லில் அச்சடித்த தாளைச் சிவப்புக் கல்லில் வைக்கும்போது ஒரு நூல் நகர்ந்தாலும் உதடு தாடைக்கு வந்துவிடும். இதைக் கண்டுபிடித்த அலாய்ஸ் செனஃபெல்டர் மியூனிக்கில் நாடகம் எழுதிக்கொண்டிருந்தவர். அச்சுக்கூலி கொடுக்கக் காசில்லாமல் கல்லில் எதையோ முயன்றுகொண்டிருந்தார். ஒரு நாள் அம்மா சலவைக் கணக்கு எழுதச் சொன்னபோது காகிதம் கிடைக்காமல் அந்தக் கல்லிலேயே எழுதினார், அங்கேதான் பொறி தட்டியது என்று அவரே சொல்லியிருக்கிறார். 1796இல் அவர் அச்சடித்து விற்றதே பாட்டு நோட்டுதான்.

டேவிட்: தெரியாமல் கேட்டுவிட்டேன்

எஸ்தர்: சலவை என்றதும் ஞாபகம் வருது. மைனி, என் பச்சை போர்வை அங்கே இருக்கா

சரோஜா: இருக்கு. ஜமுக்காளமும் இருக்கு

ரூபன்: உள்பக்கம் எல்லாத் தாளிலும் அடியில் ஒரே நம்பர். பக்க நம்பர் இல்லை

பியூலா: அதுதான் தகட்டு எண், ஒரு பாட்டின் தகடுகளுக்கெல்லாம் பதிப்பாளர் போடும் ஒரே எண்! உள்ளே இருக்கிற நோட்டு கல் வேலை இல்லை. வெள்ளீயத் தகட்டில் ஒவ்வொரு குறியையும் சின்ன உளியால் அடித்துப் பதிப்பார்கள். பாட்டு நோட்டில் வருஷம் போடும் வழக்கம் அநேகமாகக் கிடையாது, பழசு என்று தெரிந்தால் வாங்க மாட்டார்களே. அதனால் மியூசியத்தில் இந்த எண்ணையும் பதிப்பாளர் கடை விலாசத்தையும் வைத்துத்தான் வருஷத்தைக் கணக்குப் போடுகிறார்கள்.

ஜெபா: விற்றால் எவ்வளவு வரும்க்கா. சும்மா கேட்கிறேன்

பியூலா: இந்த நிலைமையில் ஒரு பட்டுச்சேலை விலைகூட வராது ஜெபா. ஆயிரக்கணக்கில் அச்சடித்தது.

ஞானராஜ்: பிறகு எதற்கு இத்தனை ஆர்ப்பாட்டம்?

ரூபன்: மேலே ஒரு முட்டை வடிவ ரப்பர் ஸ்டாம்பு. மிஸ்க்வித் அண்ட் கோ, மெட்ராஸ்

பியூலா: இதற்குத்தான் மாமா ஆர்ப்பாட்டம். 1842இல் தொடங்கிய கடை அது, இன்றைக்கு மவுண்ட் ரோட்டில் மியூசி மியூசிக்கல் என்று இருக்கிறதே, அதன் பழைய பெயர். லண்டன் கிடங்கில் நான் பார்த்த அஞ்சும் சுத்தமாக, வாசிக்காத தாள் மாதிரி இருந்தன. கப்பலில் மெட்ராஸ் வந்து பாளையங்கோட்டை வரைக்கும் வந்து யாரோ வாசித்த தாள் அங்கே ஒன்றும் நான் பார்க்கவில்லை.

கிரேஸ்: [குரல் பதிவு 2:47]

ரூபன்: ஆபீஸ் காலில் இருக்கேன். பெரியத்தை என்ன சொன்னாங்க, யாராவது டைப் பண்ணுங்க

ஜெபா: பெரியம்மா சொன்னது: “ஞானம், நீ அப்போ தொட்டிலில் கிடந்தாய், உனக்கு என்ன தெரியும். அப்பா கல்யாணத்துக்கு முன்னே மெட்ராஸில் பியானோ சுருதி சேர்க்கப் படித்தார். அங்கே கழித்துப் போட்ட தாள்தான் இதெல்லாம். ராத்திரி விளக்கைத் தணித்துவிட்டு இந்த மெட்டை வாசிப்பார். அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பாள். பாதிரி ஐயர் தெருமுனையில் வந்தால் இருமுவாள். உடனே அதே மெட்டை அப்படியே இழுத்து, மெதுவாக்கி, ஞானப்பாட்டு மாதிரி ஆக்கிவிடுவார். ஐயர் ஒரு தடவை நின்று கேட்டு ஆமென் சொல்லிவிட்டுப் போனார்.” அப்புறம் ஒரு நிமிஷம் சிரிப்புதான்

டேவிட்: ஆமென் 😂😂😂

எஸ்தர்: அம்மாவுக்கு ஆஸ்துமா என்றல்லவா நினைத்தேன்

பியூலா: அம்மா 😭 இதைக் கேளுங்கள். இரட்சணிய சேனைக்காரர்கள் (சால்வேஷன் ஆர்மி) 1880களில் இதே ஷாம்பெயின் சார்லி மெட்டில் பக்திப்பாட்டு கட்டிப் பாடினார்கள். சாராயக் கடை மெட்டென்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும், கூட்டம் தானாக வரும். தாத்தா அறியாமல் செய்ததை அவர்கள் அறிந்தே செய்திருக்கிறார்கள்.

ஞானராஜ்: அதைத்தான் நானும் சொன்னேன். அப்பா வாசித்தது சேனைப் பாட்டு.

டேவிட்: அட்டையில் சார்லிதானே சித்தப்பா நிற்கிறான்

ரூபன்: [படம்]

ரூபன்: இது என்ன, முகமெல்லாம் கரி

பியூலா: அது மின்ஸ்ட்ரல் பாட்டு. வெள்ளைக்காரர்கள் தக்கையைச் சுட்டு முகத்தில் பூசிக்கொண்டு கறுப்பு மக்களைக் கேலி செய்து பாடுவது. லண்டனில் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் வருஷக்கணக்கில் ஓடியது. மியூசியத்தில் இதையும் வைத்திருப்பார்கள், என்ன ஏது என்று எழுதித்தான் காட்டுவார்கள்.

எஸ்தர்: இது கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது! பியானோவுக்கு மேலே. நாங்க அதைப் பார்த்துச் சிரிப்போம். இப்போ பார்க்கவே ஒரு மாதிரி இருக்கு

ஜெபா: இதையும் ஃப்ரேம் போட்டுறாதீங்க யாரும்

டேவிட்: பியானோ என்றதும் கேட்கிறேன். அது 1987இல் எவ்வளவுக்குப் போச்சு?

சரோஜா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

ஞானராஜ்: அந்தக் கணக்கை உன் அப்பாவிடம் அப்போதே கொடுத்தாயிற்று. ஆதார் அனுப்பு.

பியூலா: சரி சரி. பெட்டியை முதலில் காப்பாற்றுவோம். செய்தித்தாளில் சுற்ற வேண்டாம், அதன் அமிலம் இறங்கிப் பழுப்பாகும். துவைத்த பழைய வெள்ளை வேட்டி போதும். கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடுங்கள். கையுறை வேண்டாம், அதைப் போட்டால்தான் ஓரம் கிழியும். செலோ டேப் ஒட்டவே கூடாது. முக்கியமாக, லேமினேட் செய்யக் கூடாது. சூட்டில் பிளாஸ்டிக் பசை காகித நாருக்குள் உருகி இறங்கிவிடும், அப்புறம் பிரிக்கவே முடியாது.

சரோஜா: ஐயோ

பியூலா: என்ன அத்தை ஐயோ

ரூபன்: அப்பா நேற்றே ஜெராக்ஸ் கடையில் ஒன்றை லேமினேட் செய்துவிட்டார்

ஞானராஜ்: ஒன்றுதான். கிழிந்திருந்தது. பாதுகாக்கத்தானே செய்தேன்.

பியூலா: மாமா.......

டேவிட்: எந்தத் தாள்

ரூபன்: [படம்]

ரூபன்: ஏதோ வால்ட்ஸ். பின்பக்கம் பென்சிலில் கூட்டல் கணக்கு. 17உம் 8உம் 24 என்று போட்டிருக்கு. மூலையில் சா. என்று

எஸ்தர்: சாமு அண்ணன் கை

எஸ்தர்: அந்த “சா” கொக்கி மாதிரிதான் போடுவான்

கிரேஸ்: [குரல் பதிவு 0:09]

ஜெபா: அழுகிறாங்க. வேற ஒண்ணும் சொல்லலை

பியூலா: பென்சிலா, பேனாவா ரூபன்? பென்சில் என்றால் சூட்டில் அழியாது, உள்ளேயே இருக்கும். படம் நன்றாக எடுத்துவை, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல்.

ரூபன்: சரி மைனி

ஜெபா: எனக்கு ஒன்று மட்டும் போதும். சார்லியின் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்க அத்தான். ஞாயிற்றுக்கிழமை பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டுறேன். தாளை யார் வேணும்னாலும் வைச்சுக்கட்டும்

எஸ்தர்: எங்கள் வீட்டில் பெட்டியை வைக்க இடமிருக்கு. ஆனா ஹார்மோனியத்தையும் நான்தான் வைச்சிருக்கேன்னு நாளைக்கு யாரும் சொல்லக் கூடாது

ஞானராஜ்: யார் சொன்னார்கள்?

எஸ்தர்: நான் பொதுவா சொன்னேன்

பியூலா: ஸ்டாம்பு உள்ளவற்றை ஸ்கேன் செய்து அனுப்பினால் இங்கே மியூசியத்தில் கேட்டுப் பார்க்கிறேன். அவர்களிடம் இருக்கிற பாட்டே என்றால் எடுக்க மாட்டார்கள். ஆனால் மெட்ராஸ் ஸ்டாம்பும் தாத்தாவின் பென்சில் குறிப்பும் சேர்ந்து ஒருவேளை

ரூபன்: பேப்பர்காரர் மணி அடிக்கிறார்

சரோஜா: காலி பெயிண்ட் டப்பாவைக் கொடுத்து அனுப்பு

டேவிட்: சித்தப்பா, அந்த வால்ட்ஸ் தாளை எடுத்து வையுங்கள். வெள்ளி காலை நானே வருகிறேன்.

சரோஜா: சாப்பிட வந்துடு. சொதி வைக்கேன்

ஞானராஜ்: மகிழ்ச்சி. ஆதார் ஒரிஜினல் எடுத்து வரவும்.

டேவிட்: முதலில் தாளைப் பார்க்கிறேன்